என்ற மச்சினன் கண்ணு பட்ட காரு

உக்காருங்க தம்பி. அந்தச் சேரை இக்கட்ட இழுத்துப் போட்டுக்கங்க, வெயில் படாது. மாப்பிள்ளையோட ஆபீசுங்களா? மெட்ராசா? அதான் பாத்தேன், காப்பி டம்ளரைக் கையில வெச்சுட்டு யாருகிட்டயும் பேசாம நிக்கறீங்களேன்னு. நான் பொண்ணோட அப்பனுங்க. சென்னியப்பன். ஆமாங்க, பொண்ணோட அப்பனேதான். உள்ள மேளம் வாசிக்கறாங்க, நான் மண்டபத்து கேட்டுல நின்னு ரோட்டைப் பாத்துட்டு இருக்கறேன். ஏன்னு கேக்கோணும்னு இருக்குது உங்களுக்கு. கேக்க வேண்டாம், நானே சொல்லீர்றேன்.

என்ற மச்சினன் வரோணுங்க. ஊட்டுக்காரியோட கூடப் பொறந்தவன், நாச்சிமுத்து. எங்க பக்கம் கல்யாணத்துல தாய்மாமன் வந்து பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். மெல்லிசாத் தட்டின தங்கத் தகடு, நூல்ல கோத்திருக்கும். மாமன் கையால அதைக் கட்டினாத்தான் பொண்ணு மணவறையில உக்காரும். நான் கட்ட முடியாது, மந்திரியே வந்தாலும் கட்ட முடியாது. அவனை இன்னும் காணோம். முகூர்த்தம் நெருங்கிட்டு இருக்குது. போன் அடிச்சா அடிச்சுட்டே இருக்குது, எடுக்க மாட்டேங்கறான். அதுகூடப் பரவாயில்லைங்க. அவன் என்ற காரை ஓட்டிட்டு வரான். அதுதான் வெசனம்.

சாதாரணக் காருன்னா நான் எதுக்கு இங்க நிக்கறேன்? ஸ்போர்ட்ஸ் காருங்க. இங்கிலாந்துல செஞ்சது. நல்ல செவப்பு. ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாது, தலைக்கு மேல துணிதான். என்ற வயசும் அதோட வயசும் ஏறக்குறைய ஒண்ணு, ஆனா அது என்னைவிட எளசாத் தெரியும். குன்னூர்ல ஒரு எஸ்டேட்டுல பம்பு மோட்டார் பாக்கப் போனப்ப, கொட்டாயில தார்ப்பாய் போத்திக் கெடந்துச்சு. தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தேன். அன்னைக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்து சோறு எறங்கலை. ருக்குமணி, என்ற ஊட்டுக்காரிங்க, ஒடம்புக்கு என்னன்னு கேட்டா. காருன்னேன். எந்திரிச்சுப் போய்ட்டா.

நமக்குத் தொழிலே மோட்டார்தானுங்க. பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் சுத்தறது. கிணத்துக்கடவுல பட்டறை. செம்புக் கம்பியைப் பத்தித் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கரண்டு எங்க போகுது, எங்க கசியுதுன்னு ஒரு தடவை மோந்து பாத்தாப் போதும் எனக்கு. அப்பேர்ப்பட்டவன் ஊட்டுல ஒரு காரு, வருசம் முச்சூடும் கரண்டுக் கோளாறுல என்னை நாயாட்டம் அலைய உடுதுன்னா, அது வெறும் கரண்டுக் கோளாறா இருக்குமுங்களா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.

என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மூடநம்பிக்கையெல்லாம் சுத்தமாக் கெடையாது. ராகு காலத்துலதான் பட்டறையையே தொறந்தேன். பூனை குறுக்க போனாப் பூனைக்குத்தான் ஹாரன் அடிப்பேன். ஆனா கண்ணு வேற. கண்ணு சயின்சுங்க.

காரு வந்த அன்னைக்கு நாச்சிமுத்து வந்தான். நெகமத்துக்குப் பக்கத்துல தென்னந்தோப்பு வெச்சிருக்கான், நல்ல பையன், அதுல ஒண்ணும் கொறை சொல்ல மாட்டேன். காரை ஒரு சுத்துச் சுத்தி வந்தான். மறுபடி ஒரு சுத்து. பானட்டைத் தடவிப் பாத்தான். "ஜோரா இருக்குதுங்க மச்சான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுங்களா?"ன்னான். டிராக்டர் ஓட்டற கை தம்பி அது. "கிளட்ச்சு டைட்டா இருக்குது, அப்பறமாப் பாத்துக்கலாம்"னேன். "செரிங்க மச்சான்"னு சிரிச்சான். சிரிச்சான், ஆனா தெரு முக்கு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனான்.

நான் சும்மா இருப்பனா? அவன் முக்குத் திரும்பறதுக்குள்ள எலுமிச்சம்பழம், மொளகா, அடுப்புக்கரி எல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன். நூல்ல கோத்தாக் காத்துக்கு அறுந்து போயிரும்னு பட்டறைச் செம்புக் கம்பியில கோத்தேன். அந்தக் கம்பிக்கு மேல எனாமல் பூச்சு இருக்குமுங்க, கரண்டு வெளிய வராம இருக்கறதுக்கு. சாமி சமாசாரத்துக்குப் பூச்சுப் பூசினதைக் கட்டலாமா? உப்புத் தாளை வெச்சு முழுக்கச் சொரண்டிட்டுத்தான் கட்டினேன், தங்கமாட்டம் மின்னுச்சு. முன்னால கிரில்லுக்குள்ள, ஹாரனுக்குப் பக்கத்துல ஒரு நட்டு இருக்குது, அதுல நல்லாச் சுத்திக் கட்டிட்டேன். மிச்ச வாலை வெட்டலை. கண்ணுக்குக் கட்டறதுல கத்திரி போடக்கூடாது. அதுபாட்டுக்கு உள்ள தொங்கட்டும்னு உட்டுட்டேன்.

என்னங்க தம்பி, என்னமோ சொல்ல வந்தீங்க? செரி, மறக்காம வெச்சிருங்க, நான் முடிச்சர்றேன்.

அடுத்த நாளே ஆரம்பிச்சுதுங்க. தெருவுல வேகத்தடை ஏறி எறங்கினேன், ஹாரன் தானா அடிக்க ஆரம்பிச்சுது. நான் ஹாரன்ல கையே வெக்கலை. அது நிக்கலை. பேட்டரியைக் கழட்டினாத்தான் நிக்கும், அந்த வெள்ளைக்காரன் பேட்டரியைக் கொண்டுபோய் சீட்டுக்குப் பொறகால பள்ளத்துல வெச்சிருக்கான். கார் மேல ஏறி, மண்டி போட்டு, தலையைக் கீழ உட்டுத்தான் கழட்டோணும். ஊரே என்ற பொறகாலதான் பாத்துச்சு. இன்னொரு நாளைக்கு ஹாரன் அடிக்காது, படக்குனு பியூஸ் போயிரும். இண்டிகேட்டர், பிரேக்கு லைட்டு எல்லாம் ஒட்டுக்காப் படுத்துக்கும். கையை வெளிய நீட்டிக் காட்டிட்டே கோயமுத்தூர் போயிட்டு வந்திருக்கேன். ஒருத்தன் நான் அவனைக் கூப்பிடறேன்னு நெனைச்சுட்டு பைக்கை நிறுத்தி என்னங்கன்னான்.

எழவு வீட்டுக் கதையைக் கேளுங்க. ரங்கசாமிப் பெரியப்பன் தவறிட்டார். அமைதின்னா அமைதியான மனுசன், வாழ்நாள்ல சத்தமாப் பேசாதவர். புதுப் பழம் மாட்டிட்டு, பொறுப்பாக் காரைக் கொண்டுபோய்ப் பந்தலுக்குப் பக்கத்துல ஓரங்கட்டறேன், சக்கரம் கல்லு மேல ஏறி எறங்குச்சு, ஆரம்பிச்சிருச்சு. ஒப்பாரி வெச்சுட்டு இருந்த பொம்பளைங்க நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்கறாங்க. உள்ளிருந்து ஒரு பெரியவர், "பஸ்ஸு வந்திருச்சா?"ங்கறார். நான் மண்டி போட்டுத் தலையைப் பள்ளத்துல உட்டுட்டுக் கெடக்கறேன். கும்பிட வந்த எடத்துல எதைக் காட்டிட்டு நின்னேன்னு நீங்களே நெனைச்சுப் பாருங்க.

அன்னைக்கு எழவு வீட்டுக்கு யாரு வந்திருந்தா? நாச்சிமுத்து. இதை நான் கவனிச்சு வெச்சிருந்தேன்.

உக்கடத்துல அந்தோணின்னு ஒருத்தர், பழைய காருக்கு வயரிங் பாக்கறதுல பேர் போனவர். அவருகிட்டக் கொண்டுபோனேன். அவரு எடத்துல காரு உத்தமனாட்டம் நிக்குதுங்க. குலுக்கறார், தட்டறார், குழியில ஏத்தி எறக்கறார். கம்முனு இருக்குது. மறுபடி கோளாறு, மறுபடி கொண்டுபோறேன், மறுபடி கம்முனு. கடைசியில மனுசன் வெறுத்துப்போய் வயரிங் முச்சூடும் உருவிட்டுப் புதுசாப் போட்டார். அதுக்கு அப்பறமும் அடிச்சுது. "சார், என்கிட்ட வர்றப்ப நல்லா இருக்குது, ஊட்டுக்குப் போனாக் கோளாறுன்னா, ஊட்டுல வேற எதையாச்சும் இதுல மாட்டறீங்களா?"ன்னு கேட்டார். "நான் எதை மாட்டறேன்? ஒண்ணுமே மாட்டலை"ன்னேன். எலுமிச்சம்பழத்தையெல்லாம் அவரு எடத்துக்குப் போறப்பக் கழட்டி வெச்சுட்டுத்தான் போவேன். அவரு வேதக்காரர், கடையில மாதா படம் மாட்டியிருக்குது. அங்க போயி நம்ம சமாசாரத்தைத் தொங்க உட்டுட்டு நிக்கறது மரியாதை இல்லைங்க. அடுத்தவங்க நம்பிக்கைன்னா நான் அவ்வளவு பாப்பேன்.

ஊட்டுக்கு வந்ததும் முதல் வேலையா மறுபடி கட்டிருவேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் புதுப் பழம், புதுக் கம்பி. கோளாறு சாஸ்தி ஆக ஆகப் பழத்தையும் சாஸ்தி பண்ணினேன். அப்படியும் அடங்கலைன்னா அவன் கண்ணு எவ்வளவு கொடுமையானதா இருக்கோணும்.

அப்பறம்தான் உறுதி வார்த்தை நாள், நீங்க நிச்சயதார்த்தம்னு சொல்லுவீங்களே, அது. உங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. காரைக் கழுவி, பொட்டு வெச்சு, ஊட்டு முன்னால நிறுத்தியிருந்தேன். பொண்ணைப் பாக்கறதுக்கு முன்னால எல்லாரும் காரைத்தான் பாத்தாங்க, எனக்கு அதுல ஒரு சந்தோசம். தட்டு மாத்தப் போற நேரம். மாப்பிள்ளையோட சித்தப்பாவோ யாரோ போட்டோ எடுக்கறேன்னு பானட்டுல சாஞ்சிருக்கார். அடிச்சுது பாருங்க. தாம்பாளம் புடிச்சிருந்த ருக்குமணி வெடுக்குனு திரும்பினதுல தேங்காய் உருண்டு ஓடிருச்சு.

நான் வெளிய ஓடியாரேன். நாச்சிமுத்து எனக்கு முன்னால அங்க நிக்கறான். காருக்கு முன்னால குத்தவெச்சு உக்காந்து, கிரில்லுக்குள்ள கையை உட்டுட்டு இருக்கான். கையும் களவுமாங்க. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்துச்சுன்னு தெரியலை. "கண்ணு வெச்சது பத்தாதுன்னு இப்பக் கையையும் வெக்கறயா? ஒரு வருசமா என்ற காருக்குப் புடிச்ச சனியனே உன்ற கண்ணுதான்டா"ன்னு கத்திட்டேன். ஒரம்பரை, சொந்தபந்தம் பூரா நிக்குது. எல்லாரும் கேட்டாங்க. அவன் மெதுவாக் கையை வெளிய எடுத்தான். "கம்பிங்க மச்சான், கம்பி"ன்னான். என்கிட்டயே கம்பியைப் பத்திப் பேசறான். பொறந்ததுல இருந்து கம்பி சுத்தறவன் நானு. "நீ எனக்குக் கம்பியைப் பத்திச் சொல்லித் தர வேண்டாம், எந்திரிச்சுப் போடா"ன்னேன். துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டான். அந்த உறுதிச் சாப்பாட்டுல ஒரு வாய் கூடச் சாப்பிடலை அவன்.

அன்னையிலிருந்து ருக்குமணி என்கிட்டப் பேசறதில்லை. எதாச்சும் சொல்லோணும்னா அடுப்பைப் பாத்துச் சொல்லுவா. "எங்க நாச்சி வந்து பட்டம் கட்டலைன்னா இந்த ஊட்டுல கல்யாணம் நடக்காது"ன்னு அடுப்புகிட்டத்தான் சொன்னா. அதுகூடத் தாங்கிக்குவேன். எம்பட புள்ளை நவீனா, சின்னதுல அந்த மாமன் தோளைவிட்டுக் கீழயே எறங்க மாட்டா. அவ வந்து என்ற முன்னால நின்னு, "அப்பா, மாமா கட்டாத பட்டத்தை நான் யாரு கையிலயும் கட்டிக்க மாட்டேன். காரைக் கட்டிக் குடுத்துட்டு நீங்களே மணவறையில உக்காந்துக்கங்க"ன்னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு தம்பி. அதைப் பாத்துட்டு எனக்கு அன்னைக்குப் பட்டறையில ஒரு காயில்கூட ஒழுங்காச் சுத்த வரலை.

செரின்னு வெத்தலை பாக்கு, பத்திரிகை எல்லாம் எடுத்துட்டு நானே போனேன். எதுல போவேன், அந்தக் கார்லதான். அவன் தோப்புக்குப் போற வண்டித் தடத்துல எறங்கினதும் ஹாரன் ஆரம்பிச்சுது. தடம் முடியற வரைக்கும் அடிக்குது. மயிலெல்லாம் பறந்து போகுது. நான் மன்னிப்புக் கேக்கப் போறேனா சண்டைக்குப் போறேனான்னு எனக்கே தெரியலை. நாச்சிமுத்து தோப்புக்குள்ளிருந்து வந்தான். என்ற மூஞ்சியைப் பாக்கலை. நேரா முன்னால போய்க் குனிஞ்சான். என்னமோ பண்ணினான். சத்தம் நின்னு போச்சு.

நிமுந்தப்ப அவன் கையில என்ற எலுமிச்சம்பழம், கம்பியோட. "இதை இனிமே கட்டாதீங்க மச்சான்"னான்.

தம்பி, நீங்க நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க. கண்ணு வெக்காதவன் எவனாச்சும் கண்ணுக்குக் கட்டினதைக் கழட்டுன்னு சொல்லுவானா? அந்தோணிக்கு ஒரு வருசமா நிக்காதது இவன் தொட்டதும் நிக்குதுன்னா என்ன அர்த்தம்? வெச்சவன் அவனே எடுத்துட்டான். எனக்கு அங்கயே எல்லாம் வெளங்கிப்போச்சு. ஆனா புள்ளை கண்ணு கலங்கினது முன்னால வந்து நின்னுச்சு. வெத்தலை பாக்கை நீட்டினேன். "கல்யாணத்துக்கு வந்து பட்டம் கட்டிக் குடு நாச்சி"ன்னேன். நாச்சின்னு நான் அவனைக் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை.

அவன் வெத்தலை பாக்கை வாங்கிட்டான். அப்பறம், "வர்றனுங்க மச்சான். ஆனா அந்தக் காரை நானே ஓட்டிட்டு வந்துதான் மண்டபத்துல எறங்குவேன்"ன்னான். பொண்ணைக் கேட்டாக்கூட இவ்வளவு ரோசிச்சிருக்க மாட்டேன், பொண்ணைத்தான் ஏற்கெனவே குடுத்தாச்சே. செரின்னு சொன்னேன். சொன்னது வாய்தான், மனசு இல்லை.

நேத்துப் பொழுதோட கொண்டுபோய்ச் சாவியைக் குடுத்தேன். அவன் கையிலயே ஒரு ராத்திரி முச்சூடும் இருக்கப்போகுது, எவ்வளவு பாப்பான். சும்மா உட முடியுங்களா? அவன் உள்ள காப்பி போடச் சொல்லப் போன நேரத்துல, மூணு பழமாக் கட்டிட்டேன். பெருசு பெருசா. புதுக் கம்பி, நல்லாச் சொரண்டினது, வாலும் நல்லா நீளமாவே உட்டிருக்கேன்.

அங்க பாருங்க, ருக்குமணி வாசலுக்கு வந்துட்டா. ரோட்டைப் பாக்கறா. என்னைப் பாக்க மாட்டேங்கறா. புள்ளை உள்ள பட்டுச் சேலையில தயாரா உக்காந்திருக்குது, நெத்தி வெறுமையா இருக்குது. பந்தல்ல எல்லாரும் கிசுகிசுக்கறாங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, எனக்குப் பயமா இருக்குதுங்க. இத்தனை நேரம் காரைப் பத்தித்தான் பயம்னு நெனைச்சுட்டு இருந்தேன். அந்தக் காரு கெணத்துல போயி உழுந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இப்பத் தோணுது. அவன் மட்டும் வந்து சேந்துட்டாப் போதும். அவன் வரலைன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு அந்தப் புள்ளை முன்னால போயி நிக்கறது?

இருங்க. சித்தப் பேசாம இருங்க.

கேக்குதுங்களா? மேளத்தைச் சொல்லலை. அங்க, பெட்ரோல் பங்குக்கு அக்கட்ட. ஒரே இழுப்பா அடிக்குது பாருங்க. அதேதான். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? என்ற ஹாரனுங்க. வரான். நாச்சி வரான். ஏ ருக்குமணி, வரான் பாரு, உன்ற தம்பி வரான். பாருங்க, சிரிக்கறா. என்னைப் பாத்துச் சிரிச்சா, பாத்தீங்களா?

எந்திரிங்க தம்பி, வழி உடுங்க. மெதுவா, மெதுவா, அந்தப் பந்தக்காலை ஒட்டி வராதே நாச்சி. பாருங்க, மாலையெல்லாம் போட்டுக் கொண்டாந்திருக்கான். ஒரு சொட்டுச் சேறு இல்லை. தொடைச்சிருக்கான், நான் தொடைக்கறதைவிட நல்லாத் தொடைச்சிருக்கான். ஏன்டா இவ்வளவு நேரம்? என்ன? சத்தத்துல கேக்கலை, சத்தமாச் சொல்லு. மெதுவா ஓட்டினயா? கேட்டீங்களா தம்பி, ஒரு கல்லுத் தெறிச்சாக்கூட நான் தாங்க மாட்டேன்னு மாட்டு வண்டிக்குப் பொறகாலயே வந்தானாம். தண்டவாளத்துல ஏறி எறங்கினதுல இருந்து ஹாரன் அடிக்குதாம். அப்பறம் போன் அடிச்சா எங்க கேக்கும்.

பாருங்க, குனியறான். இப்பப் பாருங்க. நின்னுச்சா? சொன்னனா இல்லையா? அவன் தொட்டா நிக்கும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?

என்ன சொன்ன நாச்சி? வழியிலயே நிறுத்திக் கழட்டியிருக்கலாமா? அப்பறம் ஏன்டா கழட்டலை?

தம்பி, அவன் சொன்னதைக் கேட்டீங்களா? "நீங்க கேட்டுல நின்னு பயந்துட்டு இருப்பீங்கன்னு தெரியும் மச்சான். நான் வரேன்னு தூரத்துலயே உங்களுக்குக் கேக்கட்டும்னு உட்டுட்டேன்"ங்கறான். அப்பேர்ப்பட்ட வார்த்தை பேசினேன் இவனை, ஒரம்பரை பூரா நிக்கறப்ப. இவன் என்னடான்னா எனக்காக ஊர் பூராக் காதைப் பொத்த வெச்சுட்டு வந்திருக்கான். மனசு தங்கம் தம்பி. கண்ணுதான் அப்படி, பாவம், அதுக்கு அவன் என்ன பண்ணுவான்.

போ நாச்சி, புள்ளை காத்துட்டு இருக்குது. நான் இதோ வந்துட்டேன்.

தம்பி, நீங்களும் உள்ள வாங்க, பட்டம் கட்டறதைப் பாக்கோணும். சித்த இதைப் புடிங்க, அவன் கழட்டிக் குடுத்தது. மூணு பழமும் இருக்குதா? கம்பியை மடக்கிராதீங்க, கவனமா வெச்சிருங்க. சாயந்திரம் பொண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் கார்லதான் கெளம்பறாங்க, அதுக்குள்ள மறுபடி கட்டோணும்.